மலைக்குப் போகிற பிள்ளை

எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டுமாம். சோப்பு டப்பாவில், பல் பிரஷ்ஷில், துவாலையின் ஓரத்தில், செருப்பின் உள்பக்கத்தில், ஜட்டியில்கூட. எமீமா ஆசீர், எமீமா ஆசீர் என்று மார்க்கர் பேனாவால் எழுதி எழுதி, இப்போது பார்த்தால் யாரோ வேறு வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. துணியில் மை ஊறிப் பரவி, படிக்க முடிவது மீமா மட்டும்தான். போகட்டும், மீமாவாகவே மலைக்குப் போகட்டும். மே மாதத்துப் பாளையங்கோட்டையில், மத்தியானச் சாப்பாடு முடிந்து, மின்விசிறி அடுப்புக்குள்ளிருந்து காற்றை எடுத்து மேலே கொட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் கம்பளி ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தொட்டாலே கழுத்து வேர்க்குரு அரிக்கிறது. கொடைக்கானலில் குளிருமாம். சபைப் பிள்ளைகள் எல்லாரும் நாளைக்குக் காலையில் கோயில் வாசலிலிருந்து பஸ்ஸில் போகிறார்கள், நாலு ராத்திரி அங்கே தங்கிப் பாட்டும் ஜெபமும் விளையாட்டுமாக இருந்துவிட்டு வருவார்கள். எல்லா வீட்டிலும் இந்நேரம் பெட்டி கட்டி முடித்திருப்பார்கள். அவர்களுக்கென்ன. இரண்டு கவுன், ஒரு வேதப்புத்தகம், ஒரு டார்ச், முறுக்குப் பொட்டலம், முடிந்தது. என் பிள்ளை கட்டிலில் தலைகீழாகக் கிடக்கிறாள். தலை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது, முடி தரையைப் பெருக்குகிறது, இரண்டு காலும் சுவரில். "ஏட்டி, கால இறக்கு, செவுத்துல அழுக்குப் படுது." "நீதானம்மா ரெஸ்ட் எடுக்கச் சொன்ன." "இப்பிடியா ரெஸ்ட் எடுப்பாங்க?" "ரத்தம் மூளைக்குப் போகுது." பத்து வயதுக்கு இந்த வாய். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நிறைய பிள்ளைகளை மேய்க்கிறேன், டாரத்தி டீச்சர் என்றால் வராந்தாவில் சத்தம் அடங்கும், வீட்டில் ஒரு பிள்ளையின் காலைச் சுவரிலிருந்து இறக்க முடியவில்லை.

உடுப்புப் பெட்டி பெரிய விஷயமே இல்லை. இன்னொரு பை இருக்கிறது, நீல நிறத்தில், சாப்பாட்டுத் தூக்கு வைக்கிற மாதிரி. அதுதான் பிள்ளை, மற்றதெல்லாம் உடுப்பு. அதில் இன்சுலின் பேனா இரண்டு, சாப்பாட்டுக்கு முன்னே போடுவது ஒன்று, ராத்திரி படுக்கும்போது போடுவது ஒன்று. அதற்கு மாற்றுப் பேனாக்கள். ஊசி முனைகள். விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற மீட்டர், அதற்குப் பட்டைகள், பஞ்சு, சர்க்கரை இறங்கிவிட்டால் கொடுக்க குளுக்கோஸ், மாம்பழ ஜூஸ் பெட்டி, பிஸ்கட். பஸ்ஸில் வெயில் படக்கூடாது. ஐஸ் மேலும் நேராகப் படக்கூடாது. வெயிலும் ஆகாது ஐஸும் ஆகாது என்றால் நான் எங்கே வைப்பது, மடியிலா, மடிதான் நாளைக்கு வராதே. நான் கூட வருகிறேன் என்றேன். சமையலுக்கு உதவியாகவாவது வருகிறேன் என்றேன். எமி அழுதுவிட்டாள். எந்த அம்மாவும் வரமாட்டாங்க, நீ மட்டும் வந்தா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க என்று. கேட்டால் சொல், சர்க்கரை என்று சொல், அது என்ன திருட்டா? இல்லை, சொல்லக்கூடாதாம். இரண்டாம் வகுப்பில் இருந்து சொல்லாமல்தான் இருக்கிறாள். அந்த வருஷம் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், செம்பு செம்பாகக் குடித்தாள், நானும் வெயில் என்று நினைத்தேன், டீச்சராம் டீச்சர். பிறகு ஒருநாள் காலையில் அவள் மூச்சில் அழுகின பழ வாசனை. ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துக் கிடந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வாசனை, இப்போதும் பழக்கடையைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன், அன்னாசி வாங்குவதையே விட்டுவிட்டேன், எமி அப்பா கேட்டால் விலை அதிகம் என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய டாக்டர் படம் போட்டு விளக்கினார், கணையம் என்று ஒன்று, அது வேலையை நிறுத்திவிட்டது, இனிமேல் நாம்தான் அதன் வேலையைச் செய்ய வேண்டும் என்றார். நாம் என்றார். அந்த நாம் நான்தான். அன்றிலிருந்து நான் என் பிள்ளையின் கணையம். கணையத்துக்கு லீவு கிடையாது, கணையம் கல்யாண வீட்டில் பந்தி முடிகிறவரை உட்கார்ந்து பேச முடியாது, கணையம் இல்லாமல் கணையத்தின் பிள்ளை மட்டும் தனியாகக் கொடைக்கானல் போகிறதாம்.

போகலாம் என்று அதே டாக்டர்தான் சொன்னார். அவளே போட்டுக்கொள்ளப் பழகினால், பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று அளவைப் பார்த்தால் தாராளமாகப் போகலாம் என்றார். பழகினால். இந்த ஒரு மாதமாகப் பழக்குகிறேன். முனையைத் திருகுகிறாள், சரி. பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் துளி வருகிறதா என்று பார்க்கிறாள், சரி. அளவைத் திருப்புகிறாள், டிக் டிக் டிக், கணக்கெல்லாம் எனக்கு மேல், இட்லிக்கு இவ்வளவு சோற்றுக்கு இவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வயிற்றில் சதையைப் பிடிக்கிறாள். அங்கே நின்றுவிடுவாள். பேனாவை என்னிடம் நீட்டுவாள். நீயே குத்தும்மா. இத்தனை வருஷம் நான்தானே குத்துகிறேன், வலிக்குமா என்று கேட்டால் இல்லை என்கிறாள், பிறகு என்னட்டி, குத்தேன். கை வரமாட்டேங்குது என்கிறாள். ஸ்பஞ்சில் குத்துவாள், ஆரஞ்சுப் பழத்தில் குத்துவாள், அப்பா தூங்கும்போது வெறும் பேனாவை அவர் தொப்பைக்கு நேரே நீட்டி அவரை அலற வைப்பாள். தன் வயிற்றில் மட்டும் இல்லை. கேம்ப்பை நடத்துகிற பொன்மலரிடம் எல்லாம் சொல்லியாயிற்று. சண்டே ஸ்கூல் நடத்துகிற பெண், கல்யாணம் ஆகாதவள், பேங்கில் வேலை, பிள்ளைகளோடு பிள்ளையாகக் குதிப்பாள். அளவ நா பாக்கேன்க்கா, சர்க்கரை இறங்குனா என்ன செய்யணும்னும் எழுதிக் குடுங்க, ஆனா குத்துறது என்னால ஆகாது, ஊசியப் பாத்தா எனக்கு மயக்கம் வரும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த உண்மைக்காக அவளைப் பிடித்தது. நாளைக்கு மத்தியானம் வழியில் எங்கேயோ பொட்டலச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு இவள் பேனாவை நீட்டுவாள், வாங்க ஆளிருக்காது. நேற்று ராத்திரிகூட நான்தான் குத்தினேன். இன்று காலையிலும். மத்தியானமும். இனி இன்று ராத்திரியும் நாளைக் காலையும்தான் பாக்கி.

அவர் வந்தார், ஆசீர், என் வீட்டுக்காரர், கையில் ஒரு தாம்புக் கயிறோடு. பெட்டிக்கு மேலே கட்டணுமாம், பஸ் கூரையில் போட்டால் திறந்துகொள்ளுமாம். இது இந்தக் காலத்துப் பெட்டிங்க, ஜிப் இருக்கு, பூட்டு இருக்கு என்றேன். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி நான் ஒரு மாதமாகத் தூங்காமல் இருக்கிறேன், இவர் கயிறோடு வருகிறார். "அவ இன்னும் தானா போட மாட்டேங்கா, என்ன செய்ய?" என்றேன். "அங்க போனா எல்லாம் சரியாயிரும்ட்டி. அவங்க பாத்துக்கிடுவாங்க. ஆண்டவர் பாத்துக்கிடுவார்." எவர்? ஒன்று அவர்கள் பார்க்க வேண்டும், இல்லை ஆண்டவர் பார்க்க வேண்டும், பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு பேருமே மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற கதைதான். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆண்டவரைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு முடியாமல் போன அந்த வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டே கிடந்தார், பேன்ட் முட்டியில் நைந்துபோயிற்று. நான் உள்ளே நர்ஸிடம் பேனா பிடிக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே, நான் உள்ளே, வேலையை அன்றைக்கே பிரித்துக்கொண்டோம் போல. அவர் கயிறைக் கட்டிலில் போட்டுவிட்டு, "அக்கா வந்துட்டுப் போனா, நீ குளிச்சிட்டிருந்த" என்று ஒரு பெரிய டப்பாவை நீட்டினார். அடுத்த தெருவில் இருக்கிற அவருடைய அக்கா, எனக்கு ரூபி மைனி. திறந்து பார்த்தால் முந்திரிக்கொத்து. வெல்லப் பாகில் பிடித்து, மாவில் முக்கிப் பொரித்து, டப்பா நிறைய முந்திரிக்கொத்து. சர்க்கரை வியாதிப் பிள்ளைக்கு, பஸ்ஸில் தின்பதற்கு. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, மூக்கில் ஒரு சத்தம் வந்தது. "மத்த பிள்ளைகளுக்குக் குடுக்கட்டுமேன்னு கொண்டாந்திருப்பா" என்றார் அவர். மைனி அப்படிக் கொண்டுவருகிறவள் இல்லை. மைனி கணக்கில் என் பிள்ளைக்கு வியாதியே கிடையாது. என் ஊசிதான் வியாதி.

அந்தக் கன்வென்ஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னே, பெரிய பந்தல், மாலைக் கூட்டம், எங்கிருந்தோ ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மைனி எமியைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், என்னைக் கேட்கவில்லை. நான் பின்னால் ஓடுவதற்குள் பிரசங்கியார் பிள்ளையின் தலையில் கை வைத்துவிட்டார், ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார், ஜனங்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பொய் சொல்லக்கூடாது, வந்தது. நானும் உள்ளே கெஞ்சினேன். ஆகட்டுமே, ஆகிவிடட்டுமே, எனக்கு என்ன, ஊசி போடுவது எனக்கு ஆசையா? ஆனால் கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல பரோட்டா வாங்கிக்கொண்டு, சாப்பிடுமுன் பந்தலுக்குப் பின்னே, இளநீர் வண்டி மறைவில், சட்டையைத் தூக்கிப் பேனாவை எடுத்தேன். மைனி என் கையைப் பிடித்தாள். "டாரத்தி, இன்னைக்கு ஒரு நேரம் நிப்பாட்டு. சுகம் வாங்கிட்டு வந்த பிள்ளைக்கு ஊசி போட்டா அது அவிசுவாசம்." அவள் கை பிடித்திருக்க, மறு கையால் குத்தினேன். மருந்து முழுக்க இறங்கப் பத்து வரை எண்ணினேன். முனையைக் கழற்றினேன். அதற்குப் பிறகு மைனியும் நானும் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிறோம், கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம், அந்தப் பேச்சு மட்டும் இல்லை. முடிந்தது என்று நினைத்திருந்தேன். பிள்ளை மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன், எட்டு வயசு அப்போது, அவள் கவனமெல்லாம் பரோட்டாவில் இருந்தது.

"எம்மா" என்றாள் எமி. கால் இன்னும் சுவரில்தான், தலைகீழாக என்னைப் பார்க்கிறாள், தலைகீழாகப் பார்த்தால் இவள் முகம் வேறு யாருடைய முகமோ, கண்ணுக்கு மேலே வாய். "இத்தன ஊசி எதுக்கு எடுத்து வைக்க? பாதி போதும்ல." "பாதி போதுமா? நாலு நாள் நீ சாப்பிடாம இருக்கப் போறியா?" "இல்ல. மூணாவது நாள் சாயங்காலம் ஜெபம் இருக்கு. முன்னாடி வந்து நிக்கலாம். போன வருஷம் போனவங்க சொன்னாங்க." எனக்கு இன்னும் புரியவில்லை, பஞ்சை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "நின்னா நில்லு, அதுக்கென்ன" என்றேன். "அதுக்கப்பறம் ஊசி வேண்டாம்ல" என்றாள். கை நின்றுவிட்டது. "யாருட்டி சொன்னா?" "யாரும் சொல்லல." "அத்த சொன்னாங்களா?" கால் சுவரில் சைக்கிள் மிதித்தது. "எமி, எந்திரிச்சு உக்காரு." உட்கார்ந்தாள். முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் பெட்டிக் கயிறைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், மெதுவாக, பாடம் ஒப்பிப்பது போல: "அன்னைக்குக் கூட்டத்துல எனக்குச் சுகமாயிட்டுல்ல. நீ ஊசி போட்டதுனாலதான் அது போயிட்டு. அத்த சொன்னாங்க. உன் மேல தப்பில்லயாம், நீ பயந்துட்டியாம். கேம்ப்புல நீ இருக்க மாட்டல்ல, அதான்."

நீ இருக்க மாட்டல்ல, அதான். ஒரு மாதமாக இவள் கேம்ப் கேம்ப் என்று குதித்தது இதற்கு. நான் என்ன நினைத்தேன், பிள்ளைகளோடு விளையாட ஆசை, ஏரியில் படகு விட ஆசை, நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட ஆசை. இரண்டு வருஷமாக என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் குத்தும்போதெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, உள்ளே இதை வைத்திருந்திருக்கிறாள். அம்மாதான் என் சுகத்தைக் கெடுத்தாள், பாவம், பயந்துவிட்டாள். மன்னித்து வேறு வைத்திருக்கிறாள்! எனக்கு மைனியின் வீட்டுக்குப் போய் முந்திரிக்கொத்து டப்பாவை அவள் வாசலில் கொட்ட வேண்டும் போல இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் திருப்பி அடுக்கி, கேம்ப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மீமாவும் வேண்டாம் எமீமாவும் வேண்டாம், என் பக்கத்திலேயே கிட என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு ராத்திரி ஊசி இல்லாமல், மறுநாளும் இல்லாமல், விசுவாசமாக இருக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டு, அந்த மலையில், அந்த மூச்சு, அந்த வாசனை. நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து அதன் முன்னே நின்றேன். தக்காளி, மோர், மாற்றுப் பேனா. மூடினேன். போனை எடுத்துப் பொன்மலரைக் கூப்பிட்டேன். வணக்கம்கூட இல்லாமல் ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் சொல்லி, இப்ப நா என்ன செய்ய, நீயே சொல்லு என்று கேட்டபோது என் குரல் வகுப்புக் குரலாக இருந்தது. அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அக்கா, எங்க கேம்ப்புல யாரும் மருந்த நிப்பாட்டுன்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா நா விட மாட்டேன். எங்க அப்பாவே தினமும் பி.பி. மாத்திரைய முழுங்கிட்டுத்தான் ஜெபத்துல உக்காருவாங்க. ஆனா பிள்ள தானா முன்னாடி வந்து நின்னா, நீ போன்னு நா சொல்ல முடியுமா?" சொல்ல முடியாது. நான் என்றால்கூடச் சொல்ல முடியாது. "ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "ஒவ்வொரு நேரமும் அவ போடுறத நா பக்கத்துல நின்னு கண்ணால பாப்பேன். மயக்கம் வந்தா சுவத்தப் புடிச்சுக்கிடுதேன். போட்டாத்தான் தட்டு. நாளைக்கு மத்தியானம் அவ போடலன்னா, நானே பஸ் புடிச்சு உங்ககிட்ட கொண்டாந்து விட்டிருதேன். சரியா?"

திரும்பி வந்தபோது எமி பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஊசி முனைப் பொட்டலத்தில் பாதியை எடுத்து வெளியே வைத்திருந்தாள். அவள் எதிரே நானும் உட்கார்ந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. "இங்க பாரு எமி. ஆண்டவர் சுகமாக்கினா எனக்கு வேண்டாம்னா இருக்கும்?" "உனக்கு நம்பிக்கை இல்ல." "யாருக்கு இல்ல?" "உனக்குத்தான். இருந்தா ஏன் போட்ட?" நியாயமான கேள்வி. கணக்கு டீச்சரிடம் பிள்ளை சரியான கேள்வி கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். "சுகமாயிட்டுதுன்னு வச்சுக்கோ, மீட்டர் சொல்லும்ல? குத்திப் பாத்தா நம்பர் சரியா இருக்கும். தினமும் சரியா இருக்கும். டாக்டரே நிப்பாட்டச் சொல்லுவாரு. நா நிப்பாட்டிருவேன்." "மீட்டர் பாக்குறதே சந்தேகம்தான?" மைனி நன்றாகத்தான் பாடம் நடத்தியிருக்கிறாள். "அன்னைக்கும் பாத்தேன்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "இளநீர் வண்டிக்குப் பின்னால, ஊசிக்கு முன்னாடி, உன் விரல்ல குத்திப் பாத்தேன். ஞாபகம் இருக்கா? நா எதுக்குப் பாத்தேன்? நம்பர் சரியா இருந்துரணும்னுதான் பாத்தேன். ரொம்ப ஏறியிருந்துச்சு எமி. கூட்டத்துக்கு முன்னாடி இருந்தத விட ஏறியிருந்துச்சு. சுகம் வந்து நா போட்ட ஊசியில ஓடிப் போகல. அதுக்கு முன்னாடியே மீட்டர் சொல்லிட்டு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த ஜெபம் பொய்யா?" பொய் என்று சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு அவளைக் கோயில் வாசலில் பஸ் ஏற்றுவேன், அவர் முழங்கால் போட்டது பொய்யா, என் கண்ணில் வந்தது பொய்யா. உண்மை என்றால் பிறகு ஏன் இந்த நீலப் பை. "எனக்குத் தெரியாதுட்டி" என்றேன். "தெரியாது. டீச்சருக்கு எல்லாம் தெரியும்னு யாரு சொன்னா? நீ போயி நில்லு. ஜெபம் பண்ணு. கேளு. கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஊசிய நிப்பாட்டுனா நீ செத்துப் போயிருவ எமி." இந்த வார்த்தையை இத்தனை வருஷம் சொல்லாமல் காத்து வைத்திருந்தேன், சர்க்கரை ஏறும், மயக்கம் வரும், ஆஸ்பத்திரி போகணும் என்று சுற்றிச் சுற்றி. அது வெளியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. எமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா?" "நெசமா." "எத்தன நாள்ல?" எத்தனை நாளிலாம். பெத்த வயிறு என்ன பாடு படும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது. "பரீட்சையா நடத்துத? எந்திரி, போயி முகத்தக் கழுவு."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும். அவர் பெட்டியைக் கயிறால் கட்டிவிட்டார், கட்டிய பிறகுதான் சீப்பு உள்ளே வைக்கவில்லை என்று தெரிந்தது, அவிழ்த்தோம், மறுபடி கட்டினார். நான் இடியாப்பத்தைப் பிழிந்து வேகவைத்து இறக்கிவிட்டு, எமி, மீட்டரை எடுத்து வா என்றேன். வந்தாள், விரலைக் குத்தினாள், பார்த்தோம், கணக்குச் சொன்னாள், சரியாகவே சொன்னாள். பேனாவைத் திருப்பினாள், நான் அளவைப் பார்த்தேன். நீட்டுவாள் என்று என் கை தானாகவே முன்னே போய்விட்டது. அவள் நீட்டவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கதவடியில் நின்றேன். "கதவத் திறட்டி, நா பாக்கணும்." "நீ பாத்தா என்னால முடியாது." "பாக்காம எனக்கு எப்பிடித் தெரியும்?" பதிலுக்கு உள்ளே குழாயைத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, டிக் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. வாளி நிறைந்து வழிகிற சத்தம். தண்ணீர் வீணாகுது என்று கத்தினேன், தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன கவலை. அவர் பின்னால் வந்து நின்று, "விடு, வருவா" என்றார். இவருக்கு எல்லாமே வருவா, நடக்கும், சரியாயிரும். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டேன், பெயின்ட் குளிர்ச்சியாக இருந்தது. குழாய் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவள் நாளைக்குப் போட வேண்டிய கேம்ப் பனியனைப் போட்டிருந்தாள், வெள்ளையில் மலையும் சூரியனும் அச்சடித்தது, எப்போது அதை உள்ளே கொண்டுபோனாளோ. "சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றாள். "ஊசி?" "போட்டாச்சு." முனை இல்லாத பேனாவை என் கையில் வைத்துவிட்டுப் போய்த் தட்டின் முன்னே உட்கார்ந்துகொண்டாள். "நெசமா போட்டியாம்மா?" என்றார் அவர். "நம்புனா நம்புங்க."

குளியலறைக்குள் போய்ப் பார்க்கலாம். கழற்றின முனையை எங்கே போட்டாள் என்று தேடலாம், மருந்தை வாளியில் பீய்ச்சியிருந்தாலும் பேனாவில் குறையும், பேனாவைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வயிற்றைக் காட்டு என்று சட்டையைத் தூக்கலாம். எத்தனை வருஷமாகத் தூக்கிப் பார்த்த சட்டை. படுக்குமுன் மீட்டர் எப்படியும் சொல்லிவிடும், ஆனால் தட்டு இப்போது முன்னே இருக்கிறது. போட்டிருந்து சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும், போடாமல் சாப்பிட்டால் ஏறும், நான் இங்கே பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாளைக்கு மத்தியானம் நான் எந்தக் கதவடியிலும் நிற்கப் போவதில்லை. தட்டில் இடியாப்பத்தை வைத்தேன். சொதியை ஊற்றினேன். கரண்டி தட்டில் மோதிச் சத்தம் போட்டது. "சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள். நான் உட்காரவில்லை, அவள் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தேங்காய்ப்பால் உதட்டோரத்தில் வழிய, ஒரு கவலையும் இல்லாத வாய். தண்ணீர்ச் செம்பை எடுக்க மேசைக்கு அந்தப் பக்கம் எக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். பனியனில், மலைக்குக் கீழே, இடப்பக்கம் வயிற்றுக்கு நேரே, ஒரு சின்ன ரத்தப் பொட்டு. கடுகு அளவு. வெள்ளைத் துணியில் பளிச்சென்று.

"அட பாவிப் பிள்ள, புதுச் சட்டையடி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த இடியாப்பம் நழுவிற்று. "நாளைக்குக் காலைல எத உடுத்துவ? எல்லாரும் ஒண்ணு போல உடுத்திட்டு வருவாங்க, நீ ரத்தக்கறையோட போயி நிப்பியா? ஒரு பஞ்சு எடுத்து அமுக்கக் கூடாதா? கழட்டு, இப்பவே கழட்டு, ஊறுனா போகாது." கழற்றிக் கொடுத்தாள். கொல்லைக் குழாயடியில் குனிந்து பச்சைத் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் பிடித்துச் சோப்புப் போட்டுக் கசக்கினேன், சூடு தண்ணீர் பட்டால் கறை நின்றுவிடும், கசக்கக் கசக்கப் பொட்டு பழுப்பாகிப் பரவிற்று, என் கண்ணில் சோப்பும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குத்தியிருக்கிறாள். தன் கையால் குத்தியிருக்கிறாள். ஷிம்மீஸோடு எமி பின்னால் வந்து நின்று, வாயில் இன்னும் மென்றுகொண்டு, "பாவாடைக்குள்ள விட்டுக்கிட்டா கறை தெரியாதும்மா" என்றாள். "அடுத்த தடவ சட்டைய நல்லா மேல தூக்கிக்கிட்டுப் போடு" என்றேன், திரும்பாமல். "குத்துனதும் எடுத்திராத, எண்ணு. பொன்மலர் அக்கா பக்கத்துல நிப்பாங்க, அவங்க கண்ண மூடுனா மூடட்டும், நீ மூடிராத." "சரி." ஒருநாளும் இல்லாத சரி. கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்று பனியனிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எம்மா, அந்த மூணாவது நாளு. ஜெபத்துக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றேன்.